பின் சீற்றுக்குக் கீழே ஈரம்

சூடான ரேடியேற்றரின் மூடியைத் திறக்கக் கூடாது என்பதை வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். எந்த ரப்பர் ஹோஸ் முதலில் வெடிக்கும், தண்ணீர்ப் பம்ப் எங்கே கசியும், ஹெட் கஸ்கெட் போனால் புகை எந்த நிறத்தில் வரும் என்பதையெல்லாம் கராஜில் யாராவது காட்டித் தருவார்கள். அவற்றை நான் இங்கே திருப்பி எழுதப்போவதில்லை. முதுகு இனிமேல் குனிய விடாது என்று டொக்டர் சொன்ன பிறகு ஸ்பானர்களைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கி வைத்துவிட்டேன். உங்களுக்கு உதவக்கூடியதாக எனக்கு நினைவுக்கு வருவது ஒரு பழைய வான் வண்டியும் அதற்குள் இருந்த மூன்று பேரும்தான்.

எனக்கென்று கராஜ் இருக்கவில்லை. மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒரு தகரப் பெட்டி. அதில் ஸ்பானர்கள், கிளிப்புகள், பல அளவில் ஹோஸ் துண்டுகள். திருகோணமலை நகரிலிருந்து ஒரு பக்கம் நிலாவெளி வரைக்கும், மறுபக்கம் கிண்ணியா வரைக்கும் வழியில் நின்றுபோகிற வண்டிகள்தான் என் வேலை. இந்த வேலையில் ஆட்களோடு பழக்கம் வராது. வண்டி நின்றால் நம்மைச் சுற்றி நிற்பார்கள், "அண்ணை, அண்ணை" என்பார்கள், நெற்றியைத் துடைக்கத் துவாய்கூடத் தருவார்கள். எஞ்சின் பிடித்ததும் கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுவார்கள். அதில் பிழை ஒன்றும் இல்லை. அவர்களுக்குப் போக ஓரிடம் இருக்கிறது. பெட்டியைப் பூட்டிக்கொண்டு நான் தெருவில் தனியே நிற்பேன். வீட்டிலும் என்னைத் தவிர ஆளில்லாததால், போன் அடித்தால் எங்கோ ஒரு வண்டி நின்றுவிட்டது என்றுதான் அர்த்தம். பலருடைய போனில் என் பெயர் "வான் அண்ணை" என்று இருந்தது. சொந்தப் பெயரை ஒருவரும் கேட்டதில்லை.

ராசனின் போனிலும் அப்படித்தான். அவர் கிண்ணியாவுக்கும் அப்பால் இலங்கைத்துறைக்காரர். ஒரு பழைய ஜப்பான் வான் வைத்திருந்தார். முன்பு அதை வாடகைக்கு ஓடினார். அவருடைய மனைவி பவானிக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகிய பிறகு, வாரத்தில் மூன்று நாள் அவரை நகர ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து இரத்தம் சுத்தம் செய்கிற மெஷினில் ஏற்றுவதற்கே வானை வைத்துக்கொண்டார். வழியில் கிண்ணியாவில் காசிம் காக்கா ஏறுவார். அரிசிக் கடை வைத்திருந்தவர், அவருக்கும் அதே சிறுநீரக வருத்தம்.

அந்த வருத்தக்காரருக்குத் தண்ணீர்தான் எதிரி. உடம்பிலிருந்து சிறுநீர் போகாததால் குடித்தது அவ்வளவும் உள்ளே தங்கிவிடும். முதலில் காலில் வீங்கும், பிறகு நெஞ்சுக்கு ஏறி மூச்சை அடைக்கும். ஒரு நாளைக்கு ஒரு சின்னக் கோப்பைக் கணக்கில்தான் தண்ணீர். ஆஸ்பத்திரியில் மெஷினில் ஏற்றுமுன் நிறை பார்ப்பார்கள். கூடியிருந்தால் என்ன நடந்தது என்று ஒளிக்க முடியாது. ஒரு முறை தவறினால் அடுத்த முறை வரைக்கும் அந்தத் தண்ணீரோடுதான் கிடக்க வேண்டும். காசிம் காக்கா அப்படி ஒரு முறை தவறவிட்டு, அம்புலன்ஸில் முகத்தில் ஒட்சிசன் மூடியோடு வந்தவர்.

இந்த வான் என்னை ஏற்கனவே இரண்டு முறை கூப்பிட்டிருந்தது. முதல் முறை மேல் ஹோஸின் கிளிப் தளர்ந்திருந்தது, மாற்றிவிட்டேன். இரண்டாம் முறை எங்கும் கசிவு தெரியவில்லை. ரேடியேற்றரைக் கழுவி, மூடியை மாற்றி, எஞ்சினைக் குளிர்விக்கிற பச்சைக் கூலன்ட் கலந்து நிரப்பினேன். "ஹீற்றர் லைன் இருக்கோ?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் எப்பவோ கழட்டியாச்சு அண்ணை. இந்த வெயிலுக்கு ஆருக்கு ஹீற்றர்?" என்றார் ராசன். இரண்டு பேரும் சிரித்தோம். முன்பக்கம் ஹீற்றருக்குப் போகிற குழாய்களைக் கழற்றி மூடியிருந்ததை நானும் கண்டேன்.

மூன்றாம் முறை போன் வந்தது ஒரு காலையில். கிண்ணியாப் பாலத்தைக் கடந்து நகரப் பக்கம் இறங்கியதும் வான் நின்றிருந்தது. முன் சீற்றுக்கு அடியிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. அந்த வானில் எஞ்சின் முன் சீற்றுக்குக் கீழேதான். மெஷினில் ஏறவேண்டிய நேரத்துக்கு இன்னும் ஒரு மணித்தியாலம்கூட இருக்கவில்லை.

"சூட்டு முள்ளு மேலை ஏறினதை எப்ப கண்டனீங்கள்?"

"பாலத்திலை, அண்ணை. நடுவிலை நிப்பாட்ட ஏலாதுதானே. இறங்கின உடனை ஓஃப் பண்ணிட்டன்."

"நல்ல வேலை செய்தீங்கள். தண்ணிக் கான் எங்கை?"

அவர் குனிந்து வானின் சில்லைப் பார்த்தார்.

"போன முறையும் சொன்னனான்தானே ராசன், ஒரு கான் தண்ணி எப்பவும் வானுக்குள்ளை இருக்கவேணும் எண்டு."

"கொண்டு வரேல்லை."

அப்போது காசிம் காக்கா ஜன்னலால் தலையை நீட்டினார். "தம்பி, நீங்க அவர ஏசாதீங்க. இந்த வானுக்குத்தான் நல்ல காலம். வேணுமான அளவு குடிக்குது. ஒருத்தரும் நிறை பாக்கிறல்ல. குடிச்சதெல்லாம் ஒழுங்கா வெளிய போகுது. நம்மளவிட சுகமா இருக்கு."

"போறது எங்கை எண்டுதான் தெரியேல்லை, காக்கா."

"அதையும் டொக்டர்மார்ட்டக் கேளுங்க. நம்மட வருத்தத்துக்கும் அவங்க தெரியல்லண்டுதான் சொல்றாங்க."

பவானி பின் சீற்றில் சாய்ந்து கண்ணை மூடியபடி இருந்தார். மூச்சு இழுப்பது கதவுக்கு வெளியே கேட்டது. எனக்குத் தெரிந்த இரண்டு ஓட்டோக்காரருக்குப் போன் பண்ணினேன். பள்ளிக்கூட நேரம். இரண்டு பேரும் பிள்ளைகளை இறக்கிவிட்டுத்தான் வரமுடியும் என்றார்கள். வரச் சொன்னேன். முதலில் ஆட்களுக்கு ஒரு வழி வைத்துவிட்டுத்தான் வண்டியைப் பார்க்க வேண்டும். ஆனால் ஓட்டோ அன்றைக்கு மட்டும்தான். இலங்கைத்துறையிலிருந்து வாரத்தில் மூன்று நாள் ஓட்டோவில் வர அந்தப் பெண்ணால் ஏலாது. வானின் நோய் என்னவென்று அன்றைக்குக் கண்டுபிடிக்காவிட்டால், நாளை மறுநாள் அது வேறெங்காவது, போன் எடுபடாத இடத்தில் நிற்கும்.

ராசன் என்னை வானுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். குரலைத் தாழ்த்தினார்.

"கானை உள்ளுக்கை வைச்சா அவ அதைத்தான் பாத்துக்கொண்டு வருவா, அண்ணை. முந்தி வைச்சனான். வழி முழுக்கக் கண் அதிலைதான். வான் ஆடேக்கை உள்ளுக்கை தண்ணி சளக்குப் பளக்கெண்டும். ஒரு நாள் காதைப் பொத்திக்கொண்டு இருந்தா. அண்டையிலையிருந்து நான் வைக்கிறேல்லை. விடிய எழும்பி, அவ எழும்ப முந்தி ரேடியேற்றரை நிரப்பிப்போட்டு வருவன். எனக்குத் தண்ணி விடாய்ச்சாலும் வழியிலை குடிக்கமாட்டன். ஆஸ்பத்திரியிலை அவவை ஏத்தினாப் பிறகு வெளியிலை வந்துதான்."

இந்த வேலையில் கசிவுக்குக் காரணம் துரு என்று பழகியிருந்தேன், வெடிப்பு என்று பழகியிருந்தேன். தண்ணீர் இல்லாமல் ஒரு வண்டி ஓடுவதற்கு இப்படி ஒரு காரணம் இருக்கும் என்று யோசித்ததில்லை.

ராசன் வெறும் போத்தல் ஒன்றை எடுத்துக்கொண்டு கரைப்பக்கம் இறங்கத் தொடங்கினார். இரண்டு பக்கமும் கடல். கைக்கெட்டும் தூரத்தில் அவ்வளவு தண்ணீர்.

"கடல் தண்ணி வேண்டாம்."

"இண்டைக்கு மட்டும், அண்ணை!"

"இண்டைக்கு ஓடும். பிறகு உப்பு உள்ளுக்கை இருந்து அரிக்கும். உங்களுக்கு இந்த வான் இண்டைக்கு மட்டும் ஓடினாக் காணுமோ?"

அவர் நின்றார். தூரத்தில் ஒரு தேத்தண்ணிக் கடை தெரிந்தது. என் பெட்டியில் கட்டியிருந்த வெறும் கான்கள் இரண்டையும் கொடுத்தேன். அவர் நடக்கவில்லை, ஓடினார். எப்படியும் எஞ்சின் ஆறும்வரை தண்ணீர் ஊற்ற முடியாது. கொதிக்கிற இரும்பில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் வெடிக்கும். பதற்றத்தில் இருக்கிற ஆளுக்கு ஒரு வேலை கொடுத்து அனுப்புவதும் நம் வேலையில் ஒரு பகுதி.

நான் ரோர்ச் லைற்றோடு வானுக்குக் கீழே படுத்தேன். ரேடியேற்றரின் அடி காய்ந்திருந்தது. பம்ப் காய்ந்திருந்தது. தார் வீதியில் ஒரு சொட்டும் இல்லை. வெளியே சிந்தாத தண்ணீர் எஞ்சினுக்குள்ளேயே எரிந்து போயிருக்கலாம். அப்படியென்றால் எஞ்சினின் தலைப்பகுதியை அடைக்கிற ஹெட் கஸ்கெட் போயிருக்கிறது. ஹெட்டைக் கழற்ற வேண்டும், வான் வாரக்கணக்கில் நிற்கும், பவானி வர வழியில்லை. நேரம் நெருக்கும்போது மனம் இரண்டில் ஒன்றுக்கு ஓடும். மிக மோசமானதை நம்பும், இல்லாவிட்டால் மிகச் சுலபமானதை நம்பும். இரண்டையும் நம்பாமல் ஒயில் குச்சியை இழுத்துப் பார்த்தேன். ஒயில் பால் கலந்ததுபோல் மாறியிருக்கவில்லை. வெள்ளைப் புகை வந்ததாக ராசனும் சொல்லவில்லை. கஸ்கெட் இல்லை என்று முடிவெடுத்தேன். அப்படியென்றால் தண்ணீர் நான் பார்க்காத ஏதோ ஓரிடத்துக்குப் போகிறது.

எஞ்சினை விட்டுவிட்டுப் பக்கக் கதவை இழுத்துத் திறந்தேன்.

பவானி சட்டென்று கால்களை உள்ளே இழுத்தார். காலுக்குக் கீழே பழைய பேப்பர்கள் விரித்திருந்தன. அதன் மேல் கைப்பையை இழுத்து வைத்தார்.

"தங்கச்சி, இதென்ன பேப்பர்?"

"அது… கடற்கரை மணல், அண்ணை. காலிலை ஒட்டி வரும்."

"ஒருக்கா எடுத்துப் பாக்கட்டோ?"

"வேண்டாம்." பிறகு பாலப் பக்கம் பார்த்தார். ராசன் தூரத்தில் ஒரு புள்ளியாகத் தெரிந்தார். "அவர் வாறாரோ?"

"இல்லை. இன்னும் கடைக்குப் போய்ச் சேரேல்லை."

காசிம் காக்கா மறுபக்க ஜன்னலுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த மனிதருக்கு எப்போது பகிடி விடவேண்டும், எப்போது கேளாததுபோல் இருக்கவேண்டும் என்று தெரியும்.

"ஈரம், அண்ணை," என்றார் பவானி. மூச்சுக்கு நடுவில் ஒவ்வொரு சொல்லாக வந்தது. "கன நாளா. முதல்லை என்ர காலாலைதான் கசியுதெண்டு நினைச்சன். வீங்கினா அப்பிடியும் வருமாம். காலைத் துடைச்சுப் பாத்தன், கால் காஞ்சுதான் இருந்தது. விரிப்புத்தான் ஈரம். நான் பேப்பர் போட்டுப் போட்டு எடுத்து எறியிறனான்."

"ராசனிட்டை ஏன் சொல்லேல்லை?"

"என்னெண்டு சொல்ல? முந்தி ஒரு நாள் ஏலாமல், களவா ஒரு போத்தல் தண்ணி குடிச்சுப்போட்டன். அண்டைக்கு நிறை கூடிப் போச்சு. அங்கை எல்லாருக்கும் முன்னாலை அவருக்குத்தான் ஏச்சு விழுந்தது. வீட்டை வந்து ஒரு சொல்லுச் சொல்லேல்லை. அதுக்குப் பிறகு அவர் என்னை ஒண்டும் கேக்கிறேல்லை, அண்ணை. கேக்காமல் பாக்கிறார். என்ர காலடியிலை தண்ணி கிடக்குதெண்டா என்ன நினைப்பார்?"

நான் குனிந்து பேப்பரை விலக்கி, விரிப்பை விரலால் தொட்டேன். இரண்டு விரல்களுக்கிடையில் உரசிப் பார்த்தேன். வழுக்கியது. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனேன். இலேசான இனிப்பு மணம். நானே கலந்து ஊற்றிய பச்சைக் கூலன்ட்.

விரிப்பைத் தூக்கினேன். பின் சீற்றுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி, அதற்குள் சின்ன விசிறி. குளிர் நாட்டுக்காகச் செய்த வான். பின்னால் இருப்பவர்களின் கால் குளிராமல் இருக்க அங்கேயும் ஒரு ஹீற்றர் வைத்திருந்தார்கள். முன் ஹீற்றரைக் கழற்றியவர்கள் இதைத் தொடவில்லை. எஞ்சினின் சூட்டுத் தண்ணீர் தரைக்கு அடியால் இந்தப் பெட்டிக்கு வந்து திரும்பிப் போய்க்கொண்டே இருந்தது. கடற்காற்றில் குழாயின் மூட்டு துருப்பிடித்து, அதைச் சுற்றிப் பச்சைப் பொருக்குக் கட்டியிருந்தது. எஞ்சின் சூடாகி அமுக்கம் ஏறும்போது மட்டும் கசியும். கசிந்ததை விரிப்பு குடித்துவிடும். நம்முடைய ஊரில் ஒருவரும் ஹீற்றரைப் போடுவதில்லை என்பதால், அப்படி ஒன்று அங்கே இருக்கும் என்றே எங்களுக்கு நினைவு வராது.

பின்னால் கால் சத்தம் கேட்டது. ராசன் இரண்டு கானோடும் மூச்சிரைக்க வந்து நின்றார். தேத்தண்ணிக் கடையிலிருந்து யாரோ சைக்கிளில் கொண்டுவந்து விட்டிருக்க வேண்டும். அவர் கண் என்னிடம் வரவில்லை. தூக்கிய விரிப்புக்கும் கசங்கிய பேப்பருக்கும் பவானியின் முகத்துக்கும் போனது.

"குடிச்சனீரோ?" என்றார்.

கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் பொறுக்க முடியாமல் இருந்தது. பவானி இவ்வளவு காலமும் பயந்திருந்தது வந்துவிட்டது என்பதுபோல் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

நான் ராசனின் கையைப் பிடித்து, விரல்களை விரிப்பில் அழுத்தினேன். "மணந்து பாருங்கோ."

அவர் மணந்தார்.

"தண்ணி இப்பிடி மணக்குமோ? இப்பிடி வழுக்குமோ? இது எஞ்சின் தண்ணி. தங்கச்சி ஒரு சொட்டும் சிந்தேல்லை. இந்தக் குழாய்தான் கன நாளாச் சிந்திக்கொண்டு இருக்குது."

ராசன் விரல்களை மூக்கிலிருந்து எடுக்கவில்லை. அப்படியே நின்றார். கானை எங்கே வைத்தார் என்றுகூடத் தெரியவில்லை.

"ராசன் தம்பி," என்றார் காசிம் காக்கா மெதுவாக, "அழுதாலும் அந்தக் கையால கண்ணத் துடைக்காதீங்க. கண் எரியும்."

ராசன் சிரித்தார். பிறகு முகத்தைக் கையின் மேற்பக்கத்தால் துடைத்தார்.

மற்றது எல்லாம் சாதாரண வேலை. பின் ஹீற்றருக்குப் போகிற ஹோஸ், வருகிற ஹோஸ் இரண்டையும் எஞ்சினருகில் கழற்றி, அந்த இரண்டு வாயையும் என் பெட்டியிலிருந்த ஒரு ஹோஸ் துண்டால் தொடுத்துக் கிளிப் போட்டு இறுக்கினேன். எஞ்சின் ஆறியதை உறுதி செய்துகொண்டு, ரேடியேற்றர் மூடியைத் துணியால் பொத்தி மெல்லத் திருகி, ஒரு கானிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். எஞ்சின் பிடித்தது. காற்றுக் குமிழி எல்லாம் போகும்வரை பொறுத்தேன். முள்ளு நடுவில் வந்து நின்றது. ஓட்டோக்காரருக்கு இனி வரவேண்டாம் என்று சொன்னேன்.

ராசன் மிச்சம் இருந்த மற்றக் கானைத் தூக்கிக்கொண்டு வானின் பின்கதவுக்குப் போனார், உள்ளே எங்காவது கண்ணில் படாமல் ஒளித்து வைக்க.

"இஞ்சருங்கோ," என்று பவானி கூப்பிட்டார். "இஞ்சை கொண்டு வாங்கோ."

"ஏன்?"

"என்ர காலடியிலை வையுங்கோ."

"உமக்கு அது…"

"எஞ்சின் தண்ணியை நான் பாத்துக்கொண்டு வாறன். குறைஞ்சா நான் சொல்லுவன்." மூச்சை எடுத்துக்கொண்டு தொடர்ந்தார். "நீங்களும் விடாய்ச்சா வானுக்குள்ளை இருந்து குடியுங்கோ. ஆஸ்பத்திரிக்கு வெளியிலை போய் ஒளிச்சுக் குடிக்கிறது எனக்குத் தெரியாதெண்டோ நினைச்சனீங்கள்? வந்து நிக்கேக்கை சேட்டு முன்பக்கம் நனைஞ்சிருக்கும்."

ராசன் கானை அவருடைய காலடியில் வைத்தார். அது சரியாதபடி பவானி ஒரு காலை அதன் மேல் வைத்துக்கொண்டார்.

நான் மோட்டார் சைக்கிளில் பின்னால் போனேன். புதிதாகத் தொடுத்த ஹோஸ் சூட்டைத் தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும், வண்டியை அனுப்பிவிட்டு நம்பிக்கையோடு வீட்டுக்குப் போகக் கூடாது. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் ஆவி வரவில்லை. அவர்கள் உள்ளே போய்க் கொஞ்ச நேரத்தில் ராசன் போன் எடுத்தார். நேரம் பிந்தினாலும் இரண்டு பேரையும் ஏற்றிவிட்டார்கள் என்றார். "நிறை சரி, அண்ணை," என்றார். அதை எனக்கு ஏன் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

இதைப் படிக்கிற தம்பிமார், தங்கச்சிமாருக்குச் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். தண்ணீர் எங்கே போகிறது என்று தெரியாதபோது, ஓட்டுநரை மட்டும் கேட்காதீர்கள். வண்டிக்குள் இருக்கிற எல்லோரையும் கேளுங்கள். தனித்தனியாகக் கேளுங்கள். கால் நனைகிறதா, எங்கேயாவது இனிப்பு மணம் வருகிறதா என்று கேளுங்கள். அவர்கள் சொல்லத் தயங்கினால், மறைக்கிறார்கள் என்று ஏசாமல் கொஞ்சம் பொறுத்து நில்லுங்கள். ஒரு பழைய வண்டியில் நாளாந்தம் போகிறவர்கள் அதன் கசிவைத் தங்களுடைய கசிவாகவே எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

அந்த வான் பிறகு என்னைக் கூப்பிடவில்லை. சரியாகத் திருத்தினால் அப்படித்தான். ஆனால் மூன்று முறை வந்த பேர் போனில் திரும்ப வராதபோது, அதைக் கொஞ்சம் எதிர்பார்த்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஒரு காலை கிண்ணியா வீதியில் மணல் லொறி ஒன்றுக்குக் கீழே படுத்திருந்தேன். அந்த எஞ்சின் சத்தம் எனக்குத் தெரியும். வெளியே வந்து நின்றேன். வான் வேகத்தைக் குறைக்காமல் வந்தது. ராசன் ஒரு கையால் ஸ்ரியரிங்கைப் பிடித்தபடி மறுகையால் போத்தலைச் சரித்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். பின் சீற்றிலிருந்த பவானி முன்னுக்குச் சாய்ந்து அவருக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். காசிம் காக்கா இரண்டு கையையும் விரித்து எதையோ மறுத்துக்கொண்டிருந்தார். மூன்று பேருக்கும் நடுவில் ஒரு கதை ஓடிக்கொண்டிருந்தது.

நான் ஸ்பானர் பிடித்த கையை உயர்த்தினேன். அவர்கள் என்னைக் காணவில்லை. வான் பாலத்தில் ஏறியது. எஞ்சின் சத்தம் இரைச்சல் இல்லாமல் சீராக இருந்தது. அது கேட்காமல் போகும்வரை நின்றுவிட்டு, லொறிக்குக் கீழே திரும்பவும் படுத்தேன்.